றூடி கோபேருக்குக் கிடைத்த மூன்று தெரிவுகள் அதிகமல்ல

பத்திராதிபர் அவர்கட்கு,

ஐயா,

தங்கள் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த, அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட லீக்கான என்.பி.ஏ.யில் ஆண்டுதோறும் நட்சத்திர வீரர்கள் ஆடும் ஓல் ஸ்ரார் ஆட்டத்துக்கான தெரிவு பற்றிய கட்டுரைக்கு மறுப்பாக இதனை எழுதுகின்றேன். மின்னசோட்டா ரிம்பர்வூல்வ்ஸ் அணியின் சென்ரரான (வளையத்தருகே காவல் நிற்கும் உயரமான வீரரான) பிரான்ஸ் நாட்டவர் றூடி கோபேர், 2020, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளில் அந்த ஆட்டத்துக்குத் தெரிவானதே மிகை என்றும், ஏழடிக்கு மேற்பட்ட உயரத்தைத் தவிர அவரிடம் சொல்லத்தக்க திறமை எதுவும் இல்லையென்றும் கட்டுரையாளர் தீர்ப்பளித்திருந்தார். பாடசாலை அணிகளை நீண்டகாலம் பயிற்றுவித்தவன் என்ற முறையில் இத்தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த மூன்று தெரிவுகளும் நியாயமானவை. அவற்றுடன் 2019, 2024 ஆகிய இரண்டும் சேர்ந்து ஐந்தாகியிருக்க வேண்டும் என்பதே எனது வாதம்.

எல்லா ஆண்டுகளுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. 2018 இல் ஆண்டின் சிறந்த தடுப்பாட்ட வீரர் விருதை முதன்முறையாக அவர் பெற்றபோதிலும், காயம் காரணமாக 82 ஆட்டங்களில் 56 இல் மட்டுமே களமிறங்கியிருந்தார். அவ்வாண்டு அவரை விட்டதில் தவறில்லை. மின்னசோட்டாவுக்கு வந்த முதற் பருவத்தில், அதாவது 2023 இல், அவருடைய ஆட்டம் மங்கியிருந்தது; அணியும் 42 வெற்றி, 40 தோல்வி என்ற நிலையிலேயே பருவத்தை முடித்தது. 2025 இல் ஓர் ஆட்டத்துக்கு 12 புள்ளிகள் என்ற சராசரியுடன் நின்றவரை அழைத்திருக்க வேண்டுமென்று நானும் கேட்க மாட்டேன்.

கட்டுரையில் விடுபட்டிருந்த முக்கியமான விடயம் தெரிவு நடைபெறும் முறையாகும். நான் பேசுகின்ற இந்த ஆண்டுகளில் கிழக்கு, மேற்கு என்ற இரு பிரிவுகளில் ஒவ்வொன்றுக்குமான முதல் ஐவரை இரசிகர்களின் வாக்கு அரைப்பங்கும், வீரர்களின் வாக்கும் ஊடகத்தினரின் வாக்கும் கால்பங்கு வீதமும் சேர்ந்து தீர்மானித்தன. எஞ்சிய எழுவரை அந்தந்தப் பிரிவின் பயிற்றுநர்களே தெரிவுசெய்தார்கள்; அவர்கள் தத்தம் அணி வீரருக்கு வாக்களிக்க முடியாது. இரசிகர் வாக்கில் கோபேர் வெல்லப் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அது போதாதென்று, 2013 ஆம் ஆண்டு ஆட்டத்திலிருந்து சென்ரர் என்ற தனிப்பிரிவும் வாக்குச்சீட்டிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டதால், லெப்ரோன் ஜேம்ஸ், கெவின் டுராண்ட் போன்றோர் நிற்கும் அதே வரிசையில் அவரும் நிற்க வேண்டியதாயிற்று. ஆகவே அவருடைய தெரிவு எப்போதும் பயிற்றுநர்களின் கையிலேயே இருந்தது. ஓர் இரவு அவருக்கு எதிராகத் தாக்குதலைத் திட்டமிட்டு, அத்திட்டம் எந்த இடத்தில் முறிந்தது என்பதை மறுநாள் காணொளியில் இருந்து பார்ப்பவர்கள் அவர்கள். மூன்று முறை அவர்கள் அவருக்கு வாக்களித்ததை வெறும் தயவு என்று தள்ளிவிட முடியாது.

அந்தத் திட்டங்கள் ஏன் முறிந்தன என்பதையும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைய என்.பி.ஏ. ஆட்டத்தில் மிகக் கூடுதலாகக் காணப்படும் தாக்குதல் முறை, பந்தைக் கொண்டுவரும் கார்ட்டுக்குச் சக வீரர் ஒருவர் ஸ்கிறீன் போட்டுக்கொடுக்க, அதாவது காவலரின் வழியை உடலால் மறித்துக்கொடுக்க, கார்ட் அவரைச் சுற்றி உள்ளே புகுவதும், ஸ்கிறீன் போட்டவர் வளையத்தை நோக்கி ஓடுவதுமாகும். இந்த இடத்தில் காவல் நிற்கும் சென்ரர் ஒரே கணத்தில் இருவரைக் கவனிக்க வேண்டும். முன்னே பாய்ந்தால் பின்னால் ஓடுபவருக்குப் பந்து உயரப் போய்ச் சேரும். பின்னே நின்றால் கார்ட் வளையம் வரை வந்துவிடுவார். கோபேர் இரண்டடி பின்வாங்கி, கைகளை விரித்து, இருவருக்கும் நடுவே உள்ள அந்தச் சிறு இடத்தில் நிற்கிறார். 216 சென்ரிமீற்றர் உயரமும், விரித்தால் 236 சென்ரிமீற்றர் வரும் கைகளும் அவருக்கு இதில் உதவுகின்றன என்பது உண்மைதான். ஆனால் எப்போது ஓர் அடி முன்வைப்பது, எப்போது காலை அசைக்காமல் நிற்பது, எப்போது கையை மட்டும் நீட்டிப் பந்து போகும் வழியை மறிப்பது என்ற கணிப்பை உயரம் யாருக்கும் கற்றுக் கொடுப்பதில்லை. அவரைக் கண்டதும் கார்ட் வளையத்துக்குப் போகாமல் இடையில் நின்று, தரம் குறைந்த எறிகையொன்றை எறிந்துவிடுகிறார், அல்லது பந்தை வெளியே திருப்பி அனுப்புகிறார். எறியப்படாமல் விடப்பட்ட அந்தப் பந்துக்கு ஆட்டக் குறிப்பேட்டில் எந்த நிரலும் இல்லை. கோபேரைப் பற்றிய தகராறு முழுவதும் இந்த இல்லாத நிரலிலிருந்தே பிறக்கின்றது என்று நான் கருதுகின்றேன்.

உயரம் மட்டுமே மூலதனம் என்ற கூற்றுக்கு 2013 ஆம் ஆண்டின் டிராஃப்ட், அதாவது அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களை எடுக்கும் தெரிவு, நல்ல மறுமொழி. அன்றும் அவருக்கு அதே உயரமும் அதே கைகளும் இருந்தன. எல்லா அணிகளும் அளந்து பார்த்துவிட்டு, 26 பேரை அவருக்கு முன்னர் எடுத்துக்கொண்டன. 27 ஆவது ஆளாக டென்வர் அணி அவரைத் தெரிவுசெய்து, அதே இரவில் யூட்டா ஜாஸ் அணிக்குக் கைமாற்றிவிட்டது. பின்னர் அவர் நான்கு முறை, 2018, 2019, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில், சிறந்த தடுப்பாட்ட வீரர் விருதைப் பெற்றார். டிக்கெம்பே முட்டொம்போவும் பென் வொலஸும் மட்டுமே அவருக்கு முன்னர் நான்கு முறை அதனைப் பெற்றவர்கள்.

நமது மண்ணிலேயே இதற்கு ஒத்த அனுபவம் உண்டு. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் 208 சென்ரிமீற்றர் உயரத்துடன் இலங்கை வலைப்பந்தாட்ட அணிக்கு ஆடியபோது, அந்த உயரம் இருந்தால் யாரும் பந்தைப் போடலாம் என்று சொன்னவர்கள் இங்கேயே இருந்தார்கள். 2011 இல் சிங்கப்பூரில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில் சிறந்த எறிவீராங்கனையாக அவர் வந்ததற்கும், 2018 இல் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றதற்கும், உயரத்துக்குச் சற்றும் குறையாத பங்கு அவருடைய கைப்பக்குவத்துக்கும் இடமெடுக்கும் திறனுக்கும் உண்டு என்பதை அவருக்குப் பந்து கொடுத்து ஆடியவர்கள் அறிவார்கள். ஆயினும் தர்ஜினிக்கு ஒரு வசதி இருந்தது. அவர் போட்ட ஒவ்வொரு பந்தும் புள்ளிப் பலகையில் ஏறியது. கோபேர் செய்வதில் பாதி அவ்வாறு ஏறுவதில்லை.

இனி 2019 க்கு வருவோம். அப்பருவத்தில் யூட்டாவுக்காக ஆடிய அவர் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 15.9 புள்ளிகளையும் 12.9 றீபௌண்டுகளையும் (கூடையில் விழாது திரும்பும் பந்தைக் கைப்பற்றுதல்) 2.3 தடுப்புகளையும் (எதிராளியின் எறிகையைத் தட்டிவிடுதல்) பெற்று, எறிந்த பந்துகளில் 66.9 வீதத்தைக் கூடையில் சேர்த்திருந்தார். ஒரே பருவத்தில் 306 முறை டங்க் செய்து (பந்தை வளையத்துக்குள் கையால் அழுத்திப் போட்டு) புதிய சாதனையும் படைத்தார். யூட்டா 50 ஆட்டங்களில் வென்றது. அவ்வளவு இருந்தும் மேற்குப் பிரிவின் பன்னிருவரில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அந்த முடிவைப் பற்றிச் செய்தியாளர்களிடம் பேசும்போது, தாயார் தொலைபேசியில் அழுததைச் சொல்லி அவரும் கண்கலங்க, அதனை வைத்து அவரைக் கேலி செய்தோர் பலர். நான் கேலி செய்ய மாட்டேன். அன்று அவருக்கு இழைக்கப்பட்டது உண்மையிலேயே அநீதி. அதற்குச் சான்று வேறெங்கும் தேட வேண்டியதில்லை. அதே பருவம் முடிந்தபோது, முழு லீக்கிலும் சிறந்த பதினைந்து பேரைக் கொண்ட ஓல் என்.பி.ஏ. அணிகளில் மூன்றாவதற்கு ஊடகத்தினர் கோபேரைச் சென்ரராகத் தெரிவுசெய்தார்கள். ஒரு பிரிவின் பன்னிருவருக்குள் பெப்ரவரியில் அடங்காதவர், இரு பிரிவுகளின் பதினைவருக்குள் பருவ முடிவில் அடங்கியது எப்படி என்பதைக் கட்டுரையாளர் விளக்க வேண்டும்.

அவருடைய மூன்று தெரிவுகளைப் பற்றி அதிகம் வாதாடத் தேவையில்லை. 2021 இல் யூட்டா 52 வெற்றி, 20 தோல்வியுடன் லீக்கிலேயே முதலிடத்தில் நின்றது. 2022 இல் ஓர் ஆட்டத்துக்கு 14.7 றீபௌண்டுகள் என்ற அளவிலும், 71.3 என்ற எறிகை வீதத்திலும் லீக்கில் அவரே முதல்வர். இருந்தும் 2021 ஓல் ஸ்ரார் ஆட்டத்துக்காக லெப்ரோன் ஜேம்ஸும் கெவின் டுராண்டும் இரு அணிகளின் தலைவர்களாக மாறி மாறி வீரர்களைப் பிரித்தெடுத்தபோது, இறுதியில் எஞ்சியவர்கள் யூட்டாவின் டொனொவன் மிச்செலும் கோபேரும்தான். சிறுவயதில் வீடியோ விளையாட்டுகளில் யாரும் யூட்டாவை எடுத்து ஆடுவதில்லை என்று லெப்ரோன் அதற்குச் சொன்ன காரணம் நகைச்சுவைக்காகச் சொல்லப்பட்டதாயினும், இந்த வீரர் எத்தகைய கண்களால் அளக்கப்படுகின்றார் என்பதை அது நன்றாகவே காட்டிவிட்டது.

இது கோபேர் என்ற தனிமனிதருக்கு மட்டும் நேர்ந்ததுமல்ல. 2012 முதல் 2024 வரையான 13 பருவங்களை எடுத்துப் பாருங்கள். சிறந்த தடுப்பாட்ட வீரர் விருதைப் பெற்றவர் அதே ஆண்டின் ஓல் ஸ்ரார் அணியில் இல்லாத பருவங்கள் 7. 2012 இல் நியூயோர்க்கின் ரைசன் சான்ட்லர், 2013 இல் மெம்ஃபிஸின் மார்க் கசோல், 2015 இல் சான் அன்ரோனியோவின் கவாய் லெனர்ட், 2022 இல் பொஸ்ரனின் மார்க்கஸ் ஸ்மார்ட், மற்றைய மூன்றும் கோபேருக்குரியவை. பாதிக்கு மேற்பட்ட பருவங்களில், பந்தாட்டத்தின் ஒரு முழுப் பாதியான தடுப்பாட்டத்தில் தலைசிறந்தவரென்று மதிக்கப்பட்டவருக்கு, 24 நட்சத்திரங்களுக்குள் இடமிருக்கவில்லை. புள்ளிகள் எடுப்பதில் முதல்வராக வருபவருக்கு இத்தகைய கதி நேருமென்று யாரும் கற்பனைகூடச் செய்யமாட்டார்கள்.

முன்னர் நிலைமை இவ்வாறு இருக்கவில்லை. டெட்ரொயிட் பிஸ்ரன்ஸ் அணியின் பென் வொலஸ் 2003 இல் ஓர் ஆட்டத்துக்கு 6.9 புள்ளிகளே எடுத்தார். அவ்வாண்டு கிழக்குப் பிரிவின் முதல் ஐவரில் ஒருவராக அவரை அனுப்பியவர்கள் இரசிகர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தொடர்ந்து 2006 வரை நான்கு முறை அவர் ஓல் ஸ்ரார் ஆனார். 2004 இல் அவருடைய அணி கிண்ணத்தை வென்றது. எந்தப் பருவத்திலும் பத்துப் புள்ளிச் சராசரியை எட்டாத ஒருவருக்குப் பொருந்திய அளவுகோல், பதினைந்து புள்ளிகள் எடுத்த கோபேருக்குப் பொருந்தாமற் போனது எங்ஙனம்?

கட்டுரையாளரின் கண்டனங்களில் உண்மை உள்ளவையும் உண்டு. கோபேரின் கைகள் பந்தைப் பிடிப்பதில் மந்தமானவை. வளையத்துக்கு முதுகு காட்டி நின்று, தனித்து ஒரு புள்ளியை உருவாக்கும் வித்தை அவரிடம் இல்லை. தன்னைவிட ஓரடி குள்ளமான கார்ட் ஒருவர் தன்னைக் காக்க நேர்ந்தால்கூட, அந்த வாய்ப்பை அவர் பயன்படுத்தாமல் விடுவதைப் பார்க்கும்போது எனக்கும் எரிச்சல் வருவதுண்டு. 2020 டிசம்பரில் 5 ஆண்டுகளுக்கு 205 மில்லியன் டொலர் ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட்டபோது, இவ்வளவு குறைந்த புள்ளிகளுக்கு இவ்வளவு பணமா என்று முன்னாள் நட்சத்திரச் சென்ரர் ஷகீல் ஓ'நீல் பரிகசித்தார். ஆனால் தாக்குதலிலும் அவருடைய பங்கு பூச்சியம் அல்ல. அவர் போடும் ஸ்கிறீனால் சக வீரர் பெறும் புள்ளிகளை என்.பி.ஏ. தனியே கணக்கிடுகின்றது, அந்தப் பட்டியலில் பல பருவங்களில் அவர் முன்னணியில் நின்றிருக்கின்றார். மேலும் சம்பளம் என்பது அணி உரிமையாளரின் கவலை. அதேபோல் 2022 இல் அவரைப் பெறுவதற்காக மின்னசோட்டா ஐந்து வீரர்களையும் நான்கு முதற்சுற்று டிராஃப்ட் உரிமைகளையும் கொடுத்தது அதிக விலையா என்பதும் வேறு வழக்கு. ஒருவரை வாங்கிய விலையைக் கொண்டு அவருடைய ஆட்டத்தை அளப்பது நமது பத்திரிகைகளிலும் பழகிவிட்டது.

பருவ முடிவில் கிண்ணத்துக்காக நடக்கும் பிளேஓஃப் ஆட்டங்களில் அவர் அம்பலமாகிவிடுகிறார் என்பதே எல்லோரும் கையிலெடுக்கும் பெரிய குற்றச்சாட்டு. 2021 இல் லொஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில், மூலையில் தனித்து நின்ற ரெரன்ஸ் மான் 39 புள்ளிகள் எடுத்து யூட்டாவை வெளியேற்றியது உண்மை. ஆனால் அந்த ஆட்டத்தை மீண்டும் பொறுமையாகப் பார்ப்பவருக்கு, வெளியே நின்ற யூட்டா கார்ட்டுகள் ஒவ்வொரு முறையும் தோற்றுப்போக, வளையத்தைக் காக்க உள்ளே ஓடுவதா, மூலையில் நிற்பவரைக் காப்பதா என்ற இக்கட்டில் கோபேர் தள்ளப்பட்டார் என்பது புலப்படும். 2024 மே மாதத்தில் டலஸ் அணியின் லூக்கா டொன்சிச் கோபேரின் முகத்துக்கு நேரே பின்வாங்கி எறிந்த மூன்று புள்ளிப் பந்து, 109 க்கு 108 என்று ஆட்டத்தை முடித்ததும் உலகம் முழுவதும் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. அதே மாதத் தொடக்கத்தில், மகன் பிறந்ததால் கோபேர் வராதிருந்த ஆட்டத்தில் மின்னசோட்டா டென்வரை 106 க்கு 80 என்று வென்றதையும், அவர் தேவையில்லை என்பதற்குச் சான்றாகச் சிலர் காட்டுகின்றனர். மறுபுறம், 2025 இல் லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணியை வெளியேற்றிய ஆட்டத்தில் அவர் எடுத்த 27 புள்ளிகளையும் 24 றீபௌண்டுகளையும் யாரும் நினைவில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை. இவையெல்லாம் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களின் கதைகள். ஓல் ஸ்ரார் வாக்கு ஜனவரியில் பதிவாகி, பெப்ரவரியில் ஆட்டம் நடந்து முடிந்துவிடுகின்றது. பரீட்சை எழுதுமுன்னரே அதன் பெறுபேற்றைக் கொண்டு ஒருவரைத் தண்டிக்க முடியுமா?

நடத்தை பற்றிய குற்றச்சாட்டுகளை இரண்டு வரிகளில் முடித்துக்கொள்கிறேன். 2020 மார்ச்சில் கொரோனா நோய்த்தொற்றை வேடிக்கையாக எண்ணிச் செய்தியாளர்களின் ஒலிவாங்கிகளைத் தொட்டுவிட்டுச் சென்று, இரு நாட்களில் தானே தொற்றாளராகி முழு லீக்கும் நிறுத்தப்படக் காரணமானதும், 2023 ஏப்ரலில் சக வீரர் கைல் அண்டர்சனைக் குத்தியதும் கண்டிக்கத்தக்கவையே; அவற்றுக்குரிய இடம் ஓல் ஸ்ரார் வாக்குச்சீட்டு அல்ல.

2024 ஆம் ஆண்டே எனது வாதத்தின் மையம். அப்பருவத்தில் கோபேர் 76 ஆட்டங்களில் ஆடி, 14 புள்ளிகளும் 12.9 றீபௌண்டுகளும் 2.1 தடுப்புகளும் சராசரியாகப் பெற்றார். மின்னசோட்டா 56 ஆட்டங்களில் வென்றது. ஓர் ஆட்டத்துக்கு 106.5 புள்ளிகளை மட்டும் விட்டுக்கொடுத்து, லீக்கிலேயே மிகச் சிறந்த தடுப்பாட்ட அணியாக அது நின்றது. ஓல் ஸ்ரார் இடைவேளையின்போது மேற்குப் பிரிவின் முதலிடமும் அதற்கே உரியதாயிருந்ததால், அதன் பயிற்றுநர் கிறிஸ் ஃபின்ச்சே மேற்கு அணியை வழிநடத்தினார். தடுப்பாட்டத்தினால் முதலிடத்துக்கு வந்த ஓர் அணியிலிருந்து பயிற்றுநர்கள் தெரிவுசெய்த இருவர் யார் தெரியுமா? புள்ளிகள் எடுக்கும் அன்ரனி எட்வேர்ட்ஸும் கார்ல் அன்ரனி ரவுன்ஸும். அந்த ஏப்ரலில் த அத்லெற்றிக் என்ற இதழ் பெயர் வெளியிடாது வீரர்களிடம் நடத்திய கருத்துக்கணிப்பில், தகுதிக்கு மேல் மதிக்கப்படுபவர் யாரென்ற கேள்விக்குக் கோபேரின் பெயரே முதலில் வந்தது. மே மாதத்தில் அவர் நான்காவது முறையாகச் சிறந்த தடுப்பாட்ட வீரர் விருதைப் பெற்றார்.

அவ்வாண்டு சாக்ரமென்ரோவின் டொமந்தாஸ் சபோனிஸும் விடுபட்டார் என்பதையும், பருவ முடிவில் ஓல் என்.பி.ஏ. மூன்றாவது அணியில் அவர் இடம்பெற்றார் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கோபேரைக் காட்டிலும் சபோனிஸின் கோரிக்கை வலுவானது என்று ஒருவர் வாதிட்டால் அவரோடு நான் பிணங்க மாட்டேன். ஆயினும் சாக்ரமென்ரோ மேற்கில் ஒன்பதாம் இடத்திலேயே முடிந்தது. முதலிடத்துக்கு ஓர் அணியைக் கொண்டுவந்த வேலைக்கே நான் முன்னுரிமை கொடுப்பேன்.

இங்குள்ள இளையோரும் இதனால் பாதிக்கப்படுகின்றனர் என்பதாலேயே இவ்வளவு நீட்டி எழுத நேர்ந்தது. அமெரிக்காவில் இரவில் நடக்கும் ஆட்டங்கள் நமக்குக் காலையில் வருகின்றன. பாடசாலைக்குப் புறப்படுமுன் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பார்ப்பது டங்க்குகளையும் மூன்று புள்ளி எறிகைகளையும் மட்டுமே. நமது பாடசாலைச் சுற்றுப்போட்டிகளிலும் சிறந்த வீரருக்கான கிண்ணம் பெரும்பாலும் கூடுதல் புள்ளி எடுத்தவருக்கே போகின்றது. உயரமான பையனொருவனை வளையத்துக்குக் கீழ் நிறுத்திக் காவல் செய்யச் சொன்னால், தன்னை ஒதுக்கிவிட்டதாக அவன் எண்ணுகின்றான். ஆட்ட முடிவுகளை வெளியிடும்போது புள்ளிகளோடு றீபௌண்டுகளையும் தடுப்புகளையும் தங்கள் பத்திரிகை சேர்த்து அச்சிடுமானால், அத்தகைய பையன்களின் பெயரும் ஒருமுறையாவது பத்திரிகையில் வரும்.

கோபேரைச் சேர்ப்பதானால் யாரை நீக்குவது என்று கட்டுரையாளர் இறுதியில் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இரண்டு ஆண்டுகளுக்கும் எனது விடை ஒரே பெயர்தான்: கார்ல் அன்ரனி ரவுன்ஸ். 2019 இல் ரவுன்ஸ் தெரிவானபோது அவருடைய மின்னசோட்டா 36 வெற்றியும் 46 தோல்வியுமாகப் பருவத்தை முடிக்கவிருந்த அணி. 2024 இல் அவர் கோபேரின் சக வீரர். அந்த அணியின் முதலிடத்துக்கு இருவரில் யார் கூடுதற் காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. இண்டியானாபொலிஸில் நடந்த அவ்வாண்டின் ஓல் ஸ்ரார் ஆட்டத்தில் கிழக்கு அணி 211 புள்ளிகளும் மேற்கு அணி 186 புள்ளிகளும் எடுக்க, ரவுன்ஸ் தனித்து 50 புள்ளிகள் எடுத்தார் என்பதை எனக்கு எதிராக யாரேனும் எடுத்துக்காட்டக்கூடும். யாரும் யாரையும் காக்காத அந்த ஓர் இரவுக்காக வாக்களிக்கும்படி பயிற்றுநர்களைக் கேட்கவில்லை. அதற்கு முந்திய மூன்று மாத ஆட்டத்துக்காகவே கேட்டார்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.